நிழற்குடை கேட்டு எம்.எல்.ஏ.வுக்கு மனு: எப்படிக் கொடுத்தால் நகரும்?

விலக்குரோட்டான்:
எங்கள் ஊர் விலக்கில் (மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடம்) பஸ் நிற்கும் இடத்தில் நிழற்குடை இல்லை. எம்.எல்.ஏ. நம்பருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினோம். நீல டிக் விழுந்ததோடு சரி. முறைப்படி எப்படிக் கேட்பது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் போதுமா?

மனுநீதி:
வாட்ஸ்அப்பை விடுங்கள், அதற்குப் பதிவும் இல்லை பதிலும் இல்லை. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ.3 கோடி. ஆனால் பணம் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார், கலெக்டர் நிர்வாக அனுமதி தருவார். ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது வாக்குறுதியை அல்ல, கலெக்டருக்கு அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தை.

மனு ஒரு பக்கம், கோரிக்கை ஒன்றே ஒன்று. தெருவிளக்கையும் சாக்கடையையும் கூடவே சேர்க்காதீர்கள். அவை ஊராட்சி நிர்வாகம் பார்க்க வேண்டியவை. ஊராட்சி, ஒன்றியம், சர்வே எண், அங்கே நிற்கும் பஸ்களின் தடம் எண், பேச வேண்டிய ஒருவரின் செல் நம்பர், இவ்வளவு போதும். தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் பி.ஏ.விடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடிதம் போனதும் அதன் ஜெராக்ஸைக் கேளுங்கள். திங்கள் மனுவில் அதை இணைத்தால்தான் அந்த மனுவுக்கு எடை.

சாலைப்புள்ளி:
இதில் இடிப்பது இடம்தான். விலக்கு என்றால் பெரும்பாலும் அது நெடுஞ்சாலைத் துறை நிலம். அவர்களின் தடையின்மைச் சான்று இல்லாவிட்டால் பரிந்துரை வந்தாலும் கோப்பு கிடப்பில்தான். நில வகைப்பாட்டை முதலில் வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். சாலையை அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா என்று உதவிக் கோட்டப் பொறியாளரிடம் கேட்டு, அதற்கு வெளியே இடம் காட்டுங்கள்.

கிழக்குவாசல்:
எம்.எல்.ஏ. அசையாவிட்டால் எம்.பி. இருக்கிறார். அவர் நிதி ஆண்டுக்கு ரூ.5 கோடி, நிழற்குடை அதிலும் கட்டலாம். பலர் மறந்துவிடுவது: தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம்.

பல வருடமாக இழுக்கும் பொதுப் பிரச்சினை என்றால் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். பட்டா, முதியோர் ஓய்வூதியம், கோர்ட்டில் இருக்கும் விஷயம் எல்லாம் அங்கே எடுபடாது.

விலக்குரோட்டான்:
நன்றி. பரிந்துரை போனபின் சத்தமே இல்லை என்றால்?

மனுநீதி:
இரண்டு மாதம் பாருங்கள். பிறகு கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் எழுதுங்கள். ரூ.10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் கட்டவில்லை" என்று கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். பரிந்துரைக் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, மதிப்பீட்டின் நகல், கோப்பு இப்போது இருக்கும் பிரிவு ஆகியவற்றைக் கேளுங்கள்.