புதுப்பிப்பு: மகளின் மலத்தில் நெளிந்த வெள்ளைத் துண்டுகள்

நாலு வயது மகளின் மலத்தில் சோற்றுப் பருக்கை போல ஏதோ நெளிகிறது, இரண்டு தரம் மெபெண்டசோல் என்ற புழு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். கீரிப்பூச்சி என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

துண்டு ஒன்றைச் சுத்தமான போத்தலில் போட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். ஆய்வுகூடத்தில் பார்த்துவிட்டு நாய் நாடாப்புழு என்றார்கள். டிப்பிலிடியம் கானினம் என்பது அதன் பெயர். மெபெண்டசோலுக்கு இது அசையாதாம். எடைக்கேற்ப பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு துண்டு எதுவும் வரவில்லை.

எப்படி வந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. நாயின் மலத்தோடு வெளியேறும் நாடாப்புழு முட்டைகளை, நாயின் மேல் ஒட்டி வாழும் தெள்ளுப்பூச்சியின் இளம் புழுக்கள் தின்கின்றன. அவை தெள்ளாக வளரும்போது நாடாப்புழுக் குஞ்சும் உள்ளே வளர்கிறது. அந்தத் தெள்ளை விழுங்கினால்தான் தொற்றும். மகள் முற்றத்தில் நாயைக் கட்டிப்பிடித்தபடியே மிக்சர் சாப்பிடுவாள், நாங்களும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மூளைக்குப் போகுமா என்று சிலர் பயந்து கேட்டிருந்தீர்கள். மூளைக்குப் போவது பன்றி நாடாப்புழு. அதன் முட்டை வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டியாகி வலிப்பு வரலாம். இது குடலோடு நின்றுவிடும், ஆளிலிருந்து ஆளுக்கும் நேரே தொற்றாது. அம்மம்மா பேத்தியின் கோப்பையைத் தனியாக வைத்திருந்தார், பாவம்.

நாய்க்கும் புழு மருந்தும் தெள்ளு மருந்தும் கொடுத்தாயிற்று. அது படுக்கும் சாக்கை எரித்துவிட்டோம்.