சித்தி சவானா போகிறார்: டிராலியில் எங்கே இறங்குவது

சித்தி: எல்லாருக்கும் வணக்கம். மகன் அடுத்த வாரக் கடைசியில் சவானா போக அறை போட்டுவிட்டான். டிராலிக்கும் படகுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்கிறான். அம்மாடி, நீயும் மாப்பிள்ளையும் அட்லாண்டாவிலிருந்து அடிக்கடி போகிறீர்களே, எங்களுக்குச் சரிவருமா? எனக்கு முழங்கால் முன்னே மாதிரி இல்லை.

நான்: தாராளமாக எடுக்கச் சொல்லுங்கள் சித்தி. டிராலி என்கிறார்களே தவிர தண்டவாளம் எதுவும் கிடையாது, பழைய டிராம் வடிவில் கட்டிய பஸ்தான். ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க எந்த நிறுத்தத்திலும் இறங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் வருகிற வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஓட்டுபவரே மைக்கில் கதை சொல்லிக்கொண்டு வருவார். முதல் சுற்றில் எங்கேயும் இறங்காதீர்கள், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபடியே ஊரைப் பாருங்கள். எங்கே எது இருக்கிறது என்று பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் இறங்குகிற இடங்களை நான் சொல்கிறேன்.

அத்தை: சவானாவில் என்ன விசேஷம்? கடற்கரையா?

நான்: கடல் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அத்தை. இது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். விசேஷமே அதன் சதுக்கங்கள்தான். 1733-இல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் என்ற ஆங்கிலேயர் நூற்றுச் சொச்சம் பேரோடு வந்து, யாமக்ரா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் டோமோசீசியின் சம்மதத்தோடு ஆற்றை ஒட்டிய மேட்டில் ஊரை வகுத்தார். நடுவில் ஒரு திறந்த சதுக்கம், வடக்கிலும் தெற்கிலும் வீட்டு மனைகள், கிழக்கிலும் மேற்கிலும் கோயில், பள்ளி மாதிரி பொதுக் கட்டடங்களுக்கு மனைகள். ஊர் வளர வளர இதே அமைப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போனார்கள். 1851-க்குள் 24 சதுக்கங்கள், அவற்றில் 22 இன்றும் இருக்கின்றன. எங்கிருந்து நடந்தாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்த நிழல், அடுத்த பெஞ்சு. முழங்கால் வலிக்காரர்களுக்கென்றே போட்ட ஊர் என்று தோன்றும், சித்தி.

தம்பி: அக்கா, மரத்திலிருந்து தாடி மாதிரி தொங்குமே, அந்த ஊர்தானே? பேய் டூர் எல்லாம் இருக்கிறதாமே.

நான்: அதே ஊர்தான். ஓக் மரங்களில் தொங்குவது பாசி இல்லை, அன்னாசி வகையறாவைச் சேர்ந்த செடி. மரத்தின் சாரை உறிஞ்சாது, காற்றிலும் மழையிலும் கிடைப்பதை வைத்தே வாழ்கிறது. பேய் டூர் ராத்திரியில் நிறைய ஓடுகிறது, எனக்கு அதில் விருப்பம் இல்லை. நிஜமாக நடந்ததே அந்த ஊரில் அவ்வளவு இருக்கும்போது பேயை எதற்குத் தேட வேண்டும்?

பெரியப்பா: துறைமுகம் ஆற்றுக்குள்ளேயா இருக்கிறது? தண்ணீருக்குள் எத்தனை அடி மூழ்குகிற கப்பல் வரும்?

நான்: இந்தக் கேள்வி உங்களிடமிருந்து வரும் என்று தெரியும் பெரியப்பா 😊 துறைமுகம் ஊரைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. அதனால் கடலிலிருந்து வருகிற ஒவ்வொரு கன்டெய்னர் கப்பலும் ஊருக்கு முன்னாலேயே போக வேண்டும். ரிவர் ஸ்ட்ரீட்டில் காபி குடித்துக்கொண்டு நின்றால் பல மாடி உயரத்துக்குப் பெட்டி அடுக்கிய கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் சத்தமே இல்லாமல் நகர்ந்து போகும். ஆற்று வழியை 47 அடிக்கு ஆழப்படுத்தும் வேலையை 2022-இல் முடித்தார்கள். மேலே டால்மட்ஜ் பாலம், தண்ணீரிலிருந்து 185 அடி உயரம். கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போவதால் அதுவும் போதவில்லை என்கிறார்கள்.

பெரியப்பா: ஆற்றில் 47 அடி என்றால் சாதாரண விஷயம் இல்லை. வண்டல் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும், வருடம் முழுக்கத் தூர் வார வேண்டும். தூத்துக்குடியில் நாங்கள் கடலில் தோண்டியதற்கே பட்ட பாடு எனக்குத் தெரியும். கப்பல் போகிற வீடியோ இருந்தால் அனுப்பு.

நான்: அனுப்புகிறேன். இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். அட்லாண்டிக்கைக் கடந்த முதல் நீராவிக் கப்பல் 1819-இல் இங்கிருந்துதான் லிவர்பூலுக்குக் கிளம்பியது. கப்பலின் பெயரே சவானாதான். 29 நாள் பயணம், அதில் பெரும்பகுதி பாய் விரித்துத்தான் போனார்கள், இயந்திரம் ஓடியது கொஞ்ச நேரமே.

சித்தி: படகைப் பற்றிச் சொல்லு. ஆடுமா? ஏறி இறங்கப் படி இருக்குமா?

நான்: ஆடாது சித்தி, பெரிய படகு, மூன்று தளம். கீழ்த்தளத்திலேயே ஏசி போட்டு உட்கார இடம் உண்டு. சிட்டி ஹாலின் தங்க நிறக் கோபுரத்துக்கு நேர் கீழே, ஆற்றங்கரையில்தான் ஏற வேண்டும். சிரமம் படகில் இல்லை, அங்கே போய்ச் சேருவதில்தான். ஊர் மேட்டில் இருக்கிறது, ரிவர் ஸ்ட்ரீட் கீழே கிடக்கிறது, நடுவில் செங்குத்தான பழைய கல் படிகள். அதில் தயவுசெய்து இறங்காதீர்கள். சிட்டி ஹால் பக்கம் லிஃப்ட் இருக்கிறது. கீழே தெருவும் கரடுமுரடான கல்தான். அந்தக் காலத்தில் வெறுமையாக வருகிற கப்பல்கள் கவிழாமல் இருக்க எடைக்காகப் போட்டு வந்த கற்களை இறக்கிவிட்டுப் பஞ்சு ஏற்றிப் போனார்கள், அந்தக் கற்களைத்தான் தளமாகப் பாவியிருக்கிறார்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

பகல் படகிலேயே போங்கள். சாப்பாட்டோடு போகிற மாலைப் படகில் பாட்டும் கூட்டமும் இருக்கும், விவரம் காதில் விழாது. தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நாற்பது அடி மேடு, அதன் முதுகோடு ஒட்டிக் கட்டிய கிடங்குகள், வரிசையாக. மேல் மாடிகளுக்குத் தெருவிலிருந்து இரும்புப் பாலங்கள். தரகர்கள் அந்தப் பாலங்களில் நின்று கீழே போகிற பஞ்சு மூட்டைகளை விலை பேசுவார்களாம். 1887-இல் கட்டிய காட்டன் எக்ஸ்சேஞ்ச் கட்டடமும் அங்கேயே. இந்தப் பக்கத்து நீண்ட இழைப் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்க முன்பே உருளை இயந்திரம் உண்டு, குறுகிய இழைப் பஞ்சுக்குத்தான் வழி இல்லாமல் இருந்தது. அதற்கான இயந்திரத்தை 1793-இல் எலை விட்னி உருவாக்கியது இதே ஆற்றின் மேல்பக்கம் ஒரு தோட்டத்தில்தான்.

அத்தை: சாப்பாடு? நான் போகாவிட்டாலும் இவளுக்காகக் கேட்கிறேன், முட்டை கூட தொட மாட்டாளே.

நான்: கேட்டதே நல்லது அத்தை. கீரை என்று இருந்தால் உடனே வாங்காதீர்கள் சித்தி. கொலார்ட் கீரையைப் பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள், சிவப்பு அரிசிச் சோற்றிலும் அப்படியே, பீன்ஸிலும் சில இடங்களில். ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுக் கேளுங்கள். சோள ரவைக் கஞ்சி, கிரிட்ஸ் என்பார்கள், அது வெண்ணெய் மட்டும் போட்டுக் கிடைக்கும். ரிவர் ஸ்ட்ரீட் மிட்டாய்க் கடைகளில் பிரலின் என்று சூடாகத் தருவார்கள், நம் கடலை மிட்டாய் மாதிரிதான், கடலைக்குப் பதில் பீக்கன் பருப்பு, கொஞ்சம் மாவாகக் கரையும். லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீம் கடை 1919-இலிருந்து இருக்கிறது, வரிசை நீளம், மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

சித்தி: சரி. எங்கே இறங்குவது என்று சொல்கிறேன் என்றாயே.

நான்: ஆமாம், அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் நீளம்.

முதலில் ஃபிராங்க்ளின் சதுக்கம். அங்கே ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் சர்ச் இருக்கிறது. 1859-இல் கட்டி முடித்த கட்டடம். கட்டியவர்களில் பலர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள், பகல் முழுக்க எஜமானருக்கு உழைத்துவிட்டு இரவில் வந்து தங்கள் கோயிலைக் கட்டினார்கள். கீழ்த்தளத்துத் தரையில் வைர வடிவத்தில் துளைகள் இருக்கும். தப்பி ஓடி வந்தவர்கள் தரைக்கு அடியில் நாலடி உயர இடத்தில் ஒளிந்திருந்தார்கள், அவர்கள் மூச்சு விடத்தான் அந்தத் துளைகள் என்று சபையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். டிராலியிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே போக வேண்டும்.

அப்புறம் ஓகில்தோர்ப் சதுக்கத்தில் ஓவன்ஸ்-தாமஸ் வீடு, 1819-இல் கட்டியது. பின்கட்டில் அடிமைகள் தங்கிய அறைகளையும் சேர்த்தே காட்டுகிறார்கள். அந்த அறைகளின் உட்கூரையில் நீல வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவரியும் சுண்ணாம்பும் மோரும் கலந்து அவர்களே பூசியது, கெட்ட ஆவி அண்டாமல் இருக்க.

மேடிசன் சதுக்கத்தில் கிரீன்-மெல்ட்ரிம் வீடு. உள்நாட்டுப் போரில், 1864 டிசம்பரில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் ஊரைப் பிடித்து, கிறிஸ்துமஸ் பரிசு என்று ஜனாதிபதி லிங்கனுக்குத் தந்தி அடித்த கதையை எல்லா ஓட்டுநர்களும் சொல்வார்கள். அதே வீட்டில் மூன்று வாரம் கழித்து நடந்ததையும் கேட்டு வாருங்கள். 1865 ஜனவரி 12 அன்று இருபது கறுப்பினச் சபைத் தலைவர்களைக் கூப்பிட்டு உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். காரிசன் ஃபிரேசியர் என்ற பெரியவர் எல்லாருக்கும் சார்பாகப் பதில் சொன்னார்: நிலம் வேண்டும், எங்கள் உழைப்பில் நாங்களே பயிர் செய்துகொள்வோம் என்று. நாலு நாளில் கடலோர நிலத்தை நாற்பது ஏக்கருக்கு மிகாத துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்க உத்தரவு வந்தது. அந்த வருடமே அடுத்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பறித்துப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார்.

சித்தப்பா: எல்லாம் சரிதான் அம்மா. ஆனால் நாங்கள் மகனோடு இரண்டு நாள் சந்தோஷமாக இருக்கத்தான் போகிறோம். மனம் கனக்கிற இடமாகவே சொல்கிறாயே.

நான்: புரிகிறது சித்தப்பா. ஃபோர்சைத் பூங்காவில் 1858-இல் வைத்த வெள்ளை நீரூற்று இருக்கிறது, அதன் முன்னால் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள், நானே சொல்வேன். ஆனால் அந்த வீடுகளும் தோட்டங்களும் எந்தக் காசில் வந்தன என்று தெரியாமல் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. ஆரம்பத்தில் ஜார்ஜியாவில் அடிமை முறைக்கு 1735-இலேயே சட்டப்படி தடை இருந்தது. 1751-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் அடிமை முறைதான். 1859 மார்ச்சில் ஊருக்கு வெளியே குதிரைப் பந்தய மைதானத்தில் ஒரே முதலாளியின் கடனை அடைக்க 436 பேரை ஏலப் பட்டியலில் போட்டு இரண்டு நாள் விற்றார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அந்த இரண்டு நாளும் மழை விடாமல் பெய்ததாம். வானமே அழுதது என்று அதை அழுகைக் காலம் என்றே சொல்கிறார்கள். டிராலி அந்தப் பக்கம் போகாது. 2008-இல் வைத்த ஒரு பலகை இருக்கிறது, காரில் பத்து நிமிடம். எங்கள் மகளைக் கூட்டிப் போய்க் காட்டினோம், அவள் இந்த மாநிலத்தில்தானே வளர்கிறாள்.

அப்பா: அவள் சொல்வது நியாயம்தான் தம்பி. பார்த்துவிட்டு வாருங்கள்.

சித்தப்பா: மாட்டேன் என்று சொல்லவில்லை அண்ணா. சர்ச்சும் அந்தப் பலகையும் பார்ப்போம். பேத்திக்கு ஏதாவது இருக்கிறதா?

நான்: நிறைய இருக்கிறது. கேர்ள் ஸ்கவுட்ஸ் என்ற பெண் சாரணியர் இயக்கத்தை 1912-இல் ஜூலியட் கார்டன் லோ ஆரம்பித்தது இந்த ஊரில்தான். ரிவர் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில் துணியை வீசிக்கொண்டு ஒரு பெண்ணும் நாயும் நிற்கிற சிலை இருக்கும். ஃபுளோரன்ஸ் மார்ட்டஸ், கலங்கரை விளக்கக்காரரின் தங்கை. 1887-இலிருந்து 1931 வரை அந்த வழியாகப் போன கப்பல்களுக்கெல்லாம் பகலில் துணியும் இரவில் விளக்கும் வீசி வழியனுப்பியவர். பாப்பாவையும் கப்பலுக்குக் கை அசைக்கச் சொல்லுங்கள், மாலுமிகள் திருப்பி அசைப்பார்கள்.

அதோடு டெய்லர் சதுக்கம். முன்னே அது அடிமை முறைக்காக வாதாடிய ஓர் அரசியல்வாதியின் பெயரில் இருந்தது. 2023-இல் சூசி கிங் டெய்லர் பெயரை வைத்தார்கள். அடிமையாகப் பிறந்து, புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி மறைத்து எடுத்துப் போய் ரகசியமாகப் படித்து, பதினான்கு வயதிலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆற்றைக் கடக்கும் இலவசப் படகுகளில் ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு. காசு கொடுத்துப் போகிற படகுக்கு நேரம் இல்லாவிட்டால் இந்த இலவசப் படகிலாவது அக்கரை போய் வாருங்கள், அங்கிருந்து ஊரின் முகப்பு முழுசாகத் தெரியும்.

சித்தி: குறித்துக்கொண்டேன். வெள்ளி ராத்திரி போய்ச் சேருவோம். சனி காலை டிராலி, மதியம் படகு, ஞாயிறு காலை சர்ச் என்று வைத்துக்கொள்ளலாமா?

நான்: ஞாயிறு அவர்கள் ஆராதனை நடத்துகிற நாள் சித்தி. சர்ச்சைச் சனிக்கிழமையே வையுங்கள், டூர் நேரத்தை முன்னாலேயே ஆன்லைனில் பார்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். படகை ஞாயிறு மத்தியானத்துக்குத் தள்ளுங்கள், பலகையைத் திரும்பும் வழியில் பார்க்கலாம்.

பெரியப்பா: வீடியோ?

நான்: இதோ பெரியப்பா, ஏறிக்கொண்டிருக்கிறது.