'ரோம்' டிவி தொடர்: இன்னும் மண்டைக்குள் உறுத்திக்கிட்டிருக்கிற ஒரு காட்சியைச் சொல்லுங்க

ஈட்டிமுனை:
முதல் எபிசோட், முதல் சண்டை. செஞ்சுரியன் (படைப்பிரிவுத் தலைவன்) வொரீனஸ் விசில் ஊதினதும் முன்வரிசைக்காரன் கேடயத்தால் எதிராளியை ஒரு இடி இடிச்சுட்டு, பக்கவாட்டில் நழுவிக் கடைசி வரிசைக்குப் போயிடுவான். பின்னாடி நின்னவன் அவன் இடத்துக்கு வருவான். அதுவரைக்கும் முன்னாடி நிற்கிறவனோட வாரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிற்கும் பாருங்க, அந்தக் கை. அது ஒண்ணுதான் மனசை விட்டுப் போகமாட்டேங்குது.

ஏன் ஆள் மாத்தணும்னு கேட்டா, கேடயத்தைப் பாருங்க. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குப்படி 4 அடி உயரம், 2½ அடி அகலம். பலகையை ரெண்டு அடுக்கா ஒட்டி, மேலே துணி, அதுக்கு மேலே கன்னுக்குட்டித் தோல், மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இரும்புப் பட்டை. எகிப்தில் ஃபாயும் பக்கம் கிடைச்சதைப் பார்த்துச் செய்த நகல் சுமார் 10 கிலோ. அதை இடது கையில், நடுவில் இருக்கிற ஒற்றைப் பிடியில் தூக்கணும், முழங்கைக்கு வார் கிடையாது. வளையச் சட்டை இன்னொரு 10 கிலோ. அதுக்கு மேல பெல்ட்டை இறுக்கிக் கட்டினா பாதிப் பாரம் இடுப்புக்கு இறங்கும், கட்டலேன்னா தோள் செத்துச்சு.

உறுத்தல் என்னன்னா, சண்டைக்கு நடுவே விசில் ஊதி வரிசை மாத்தினாங்கன்னு எந்தப் பழைய ஆசிரியரும் எழுதலை. கொம்பும் எக்காளமும் கொடியும்தான்.

கறிவேப்பிலை:
2-ஆவது எபிசோட். வொரீனஸ் கூட வர்ற சிப்பாய் புல்லோவோட மண்டை ஓட்டைத் திறக்கிற காட்சி. கடைசியில் மருத்துவர் ஓட்டை மேல ஒரு உலோகத் தகட்டை வைப்பார். அந்தத் தகடுதான் எனக்குப் பிரச்சினை.

இந்த வேலையைப் படிப்படியா எழுதி வச்சவர் கெல்சஸ்ங்கிற ரோமானிய நூலாசிரியர், திபேரியஸ் பேரரசர் காலத்து ஆள். எலும்பு விரிஞ்சிருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியலேன்னா எலும்பு மேல எழுதுற மையைத் தடவி, அப்புறம் உளியால் சுரண்டணும்ங்கிறார். நல்ல எலும்பில் மை போயிடும், விரிசலில் மட்டும் கறுப்புக் கோடா நின்னுடும். மண்டை ஓட்டுத் தையலை விரிசல்னு நினைச்சுத் தான் ஏமாந்ததை ஹிப்போகிரட்டஸே ஒத்துக்கிட்டார்னும் கூடவே ஒரு பாராட்டு வேற.

சேதம் சின்னதுன்னா, அடிவிளிம்பில் ரம்பப்பல் வெட்டின இரும்புக் குழல். அதுக்கு நடுவில் ஒரு ஊசி இருக்கும். குழல் வழுக்கி ஓடாம ஒரே இடத்தில் சுத்தறதுக்குத்தான் ஊசி, பள்ளம் விழுந்ததும் அதைக் கழட்டிடுவாங்க. சுலபமா சுத்த ரோஜா எண்ணெயோ பாலோ சொட்டு விடலாம், ஆனா ரொம்ப ஊத்தினா பல் மழுங்கும். சேதம் பெரிசுன்னா அதைச் சுத்திலும் துரப்பணத்தால் துளை போட்டு, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு உளியால் வெட்டிக்கிட்டே போகணும். உள்ளே சவ்வு கிழிஞ்சா ஆள் காலி. அதனால் எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவே வழவழப்பான வெண்கலத் தகடு ஒண்ணைச் செருகி வைப்பாங்க.

தகடு வந்தது அங்கே, உளிக்குக் காவலா. வேலை முடிஞ்சதும் வெளியே எடுத்துடுவாங்க. ஓட்டையை மூடறது தகடு இல்லை, சவ்விலிருந்தே சதை வளர்ந்து நிரம்பும்ங்கிறார் கெல்சஸ். தொடர்க்காரங்க காவல் தகட்டை மூடியாக்கிட்டாங்களோன்னு என் சந்தேகம்.

ரெண்டாம்வரிசை:
ஈட்டிமுனை அண்ணே, விசிலை விடுங்க. அங்கே இருக்கிற ஓட்டை வேற. அந்தக் காட்சியில் கேடயமும் கேடயமும் உரசுற மாதிரி நிற்கிறாங்க. அப்புறம் முன்னாடி நிற்கிறவன் எந்தச் சந்து வழியா பின்னால போறான்? ஒரு ரோமானியச் சிப்பாய்க்குப் பக்கத்து ஆளிடமிருந்து 3 அடி இடைவெளி வேணும், அப்பத்தான் வாளை வெட்டவும் குத்தவும் வீச முடியும்னு பொலிபியஸே சொல்றார். கேடயத்துக்கு அவரை நம்பறீங்க, இடைவெளிக்கு மட்டும் ஏன் விட்டுட்டீங்க?

என் காட்சி தொடரில் வராத காட்சி. புல்லோ, வொரீனஸ் பேர் சீசர் எழுதின 'காலியப் போர்' குறிப்பில் ஒரே ஒரு இடத்தில்தான் வருது, 5-ஆம் பகுதி, 44-ஆவது அத்தியாயம். கி.மு. 54, நெர்வியர்கள்ங்கிற எதிரிக் குடியினர் ரோமானிய முகாமை வளைச்சிருக்காங்க. ரெண்டு பேருமே செஞ்சுரியன், பதவி உயர்வுக்கு வருஷா வருஷம் மோதிக்கிறவங்க. புல்லோ சவால் விட்டுட்டு வெளியே பாய்வான். எதிரி ஈட்டி கேடயத்தைத் துளைச்சு வாள்பட்டையில் குத்தி நிற்கும். உறை திரும்பிப் போயிடும், கை தேடும், வாள் கிடைக்காது. வொரீனஸ் ஓடி வந்து காப்பாத்துவான். அடுத்த நிமிஷம் வொரீனஸ் பள்ளத்தில் விழுவான், இப்போ புல்லோ முறை. உறை திரும்பிக்கிட்ட அந்த ஒரு நொடியை எழுதணும்னா கூட இருந்து பார்த்தவன் யாரோ சொல்லியிருக்கணும். இதை விட்டுட்டுப் புல்லோவைச் சாதாரணச் சிப்பாயாக்கி, ரெண்டு பேரையும் 13-ஆம் படையில் சேர்த்துட்டாங்க.

நூலும்ஊசியும்:
எனக்கு, தொடரில் ரோம் நகரப் பொதுச்சதுக்கத்தில் (மன்றத்தில்) செய்தி சொல்ற குண்டு மனுஷர், நடிகர் இயன் மெக்நீஸ். அவர் கை. நடுவிரல் நுனியைக் கட்டைவிரலில் சேர்த்து, மத்த மூணு விரலையும் நீட்டி வச்சுப் பேச்சைத் தொடங்கலாம்னு ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் எழுதியிருக்கார். அந்த மாதிரிப் பாடத்திலிருந்து எடுத்த கைகள் அவை.

அதே குவின்டிலியன் இடது கையைப் பத்தியும் சொல்றார்: முழங்கை செங்கோணத்தில் மடங்கி நிற்கிற அளவுக்குத்தான் தூக்கணும். காரணம் டோகா, ரோமானியர் உடம்பைச் சுத்திப் போர்த்துற மேலாடை. இதை யாரும் கேக்கலை, இருந்தாலும் பள்ளி நாடகத்துக்கு வெள்ளைப் போர்வையைச் சுத்தி விடறவங்களுக்காகச் சொல்றேன். டோகா செவ்வகம் இல்லை, வட்டத்தில் வெட்டின துண்டு. குடியரசுக் காலத்து டோகா பின்னாடி வந்ததைவிடச் சின்னது. நேர்விளிம்பு 4½ மீட்டர், நடு அகலம் 1.8 மீட்டர் எடுத்தா ஒரு பெரியவருக்குப் போதும். ஒரு முனையை இடது தோள் வழியா முன்பக்கம் கணுக்கால் வரை தொங்கவிடுங்க. மீதியை முதுகுப்பக்கம் கொண்டு போய், வலது கைக்கு அடியில் எடுத்து, மார்புக்குக் குறுக்கே இழுத்து, மறுபடி இடது தோளுக்கு மேலே போட்டுப் பின்னாடி விடுங்க. ஊக்கு கிடையாது, முடிச்சு கிடையாது. மடங்கின இடது கைதான் ஊக்கு, அதை நீட்டினா மொத்தமும் சரிஞ்சு காலடியில் விழும். பாலியெஸ்டர் எடுக்காதீங்க, வழுக்கும். கம்பளிதான் கம்பளியைப் பிடிக்கும், அது கிடைக்காட்டி கனமான கதர்.

இன்னொண்ணு, எல்லா செனட்டருக்கும் டோகாவில் ஊதாக் கரை போடாதீங்க. அது பதவியில் இருக்கிறவங்களுக்கு. மத்த செனட்டர்களுக்கு அகலமான ஊதாப்பட்டை உள்ளே போடுற அங்கியில்தான். பட்டுவேட்டியைத் தூக்கி மாட்டிவிட்டா ஜூலியஸ் சீசர் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருப்பார்.

ஈட்டிமுனை:
@ரெண்டாம்வரிசை, பிற்கால ரோமானியப் போர்நூல் ஆசிரியர் வெகெடியஸ் ஒரு ஆளுக்கு மொத்தமே 3 அடிங்கிறார். அதில் கேடயம் 2½ போனா மிச்சம் அரை அடி. ஒருக்களிச்சுத்தான் போகணும். தொடரில் ஒருக்களிச்சுத்தான் போறான், இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.

மார்ச்15:
சீசரைக் கொல்ற காட்சியை வழக்கமான செனட் மண்டபத்திலேயே வச்சுட்டாங்க. நடந்தது சீசரோட பழைய எதிரி பாம்ப்பே கட்டின நாடக அரங்கத்தோட சேர்ந்த மண்டபத்தில், பாம்ப்பே சிலை காலடியில். பழைய செனட் கட்டடம் கி.மு. 52-இல் குளோடியஸ்ங்கிற அரசியல்வாதியோட சிதையோட சேர்ந்து எரிஞ்சது. சீசர் தொடங்கின புது மண்டபம் கி.மு. 29-இல்தான் திறந்தாங்க. கொலை நடந்த இடம் இப்போ ரோமில் லார்கோ அர்ஜென்டினாங்கிற சதுக்கம், பூனைகள் வெயில் காயுது.

23 குத்து. அதில் மார்பில் விழுந்த 2-ஆவது குத்து மட்டும்தான் உயிரை எடுத்ததுன்னு அந்திஸ்தியஸ்ங்கிற மருத்துவர் பார்த்துச் சொன்னதா வரலாற்றாசிரியர் சுவிடோனியஸ் எழுதறார். ஒருத்தனைச் சுத்தி அத்தனை பேர் கத்தியோட நெருக்கினா அவங்களுக்குள்ளேயே வெட்டு விழும், கொன்னவங்களில் ஒருத்தன் புரூட்டஸுக்குக் கையில் விழுந்துச்சு. அந்த நெரிசலைத் தொடர் இன்னும் அசிங்கமாக் காட்டியிருக்கலாம்.

பழையடிவிடி:
பிலிப்பி! சீசரைக் கொன்ன புரூட்டஸும் காஸியஸும் தோத்துச் செத்த இடம். கி.மு. 42 அக்டோபரில் நடந்தது ரெண்டு சண்டை, நடுவில் கிட்டத்தட்ட 3 வாரம். தொடரில் ஒரே நாளில் காஸியஸும் முடிஞ்சான், புரூட்டஸும் முடிஞ்சான். இதில் போனது சண்டை மட்டும் இல்லை, காஸியஸோட சாவே போச்சு. முதல் சண்டை நாள் அவன் பிறந்தநாள்னு வரலாற்றாசிரியர் புளூடார்க் சொல்றார். குன்று மேலிருந்து பார்க்கிறான், கண் பார்வை மங்கல், ஒரே புழுதி. குதிரைக்காரங்க வர்றாங்க, யாருன்னு பார்க்க நண்பன் திதினியஸை அனுப்புறான். வர்றது புரூட்டஸ் ஆளுங்க, சந்தோஷத்தில் கூச்சல் போட்டுத் திதினியஸைச் சூழ்ந்துக்கிறாங்க. மேலே நிற்கிறவனுக்கு அது நண்பன் எதிரி கையில் மாட்டின மாதிரித் தெரியுது. தன்னை வெட்டச் சொல்லி, தான் விடுதலை கொடுத்த முன்னாள் அடிமைகிட்ட கழுத்தை நீட்டிடறான். ஜெயிச்சிட்டோம்னு சொல்ல ஆள் வந்து சேரும்போது பிணம்.

இதைப் படமாக்க ஒரு குன்று, கொஞ்சம் புழுதி, 20 குதிரை போதும். ஆனா மொத்தமே 22 எபிசோட், 2-ஆவது சீசன் 10-தான். அதுக்குள்ளேயே கிளியோபாட்ரா சாவு வரைக்கும் ஓடியாகணும். ரோமில் இருக்கிற சினெசிட்டா ஸ்டூடியோவில் 5 ஏக்கருக்குப் போட்ட செட்டில் மன்றம், தெரு எல்லாம் நிக்குது, வெளிப்புறச் சண்டைன்னா தனிக் காசு. அதான் கத்தியை இங்கே வச்சிருப்பாங்க. 2007 ஆகஸ்ட்டில் அந்த செட்டிலும் ஒரு பகுதி எரிஞ்சு போச்சு.

ஓரப்பார்வை:
புல்லோவா வந்த ரே ஸ்டீவன்சன்தான் 'ஆர்ஆர்ஆர்' கவர்னர் துரைன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. 2023-இல் போயிட்டார்.

ரெண்டாம்வரிசை:
போட்டுப் பார்த்தேன். ஒருக்களிச்சுத்தான் போறான், ஒத்துக்கறேன். ஆனா கேடயத்தை எதிரிப் பக்கம் வச்சுக்கிட்டு ஒருக்களிக்கணும்னா கேடயத்தோட அகலம் அப்படியே குறுக்கே நிற்குமே, அரை அடிச் சந்தில் எப்படி நுழையும்?