கூட்டமாக மலையேறியபோது மனத்தில் தங்கிவிட்ட ஒரு நிகழ்ச்சி: உங்களுடையது எது?

மேகமூட்டம்:
பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் உறுத்துகிறது, அதனால் நானே தொடங்குகிறேன்.

மதுரையிலிருந்து எங்கள் நடைக் குழு, இருபத்திரண்டு பேர். போடி அருகே குரங்கணியில் இறங்கி, மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற ஊர் வரை நடை. வேன் போடிமெட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே வந்து நிற்கும். பாதை உங்களுக்குத் தெரியும்தானே. நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற சிற்றூரைத் தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. வழிகாட்டியாக வந்த முதுவர் பழங்குடிப் பெரியவர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, வழி மறந்துவிட்டதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்த வளைவில் அவரை முந்திக்கொண்டு போனேன். இருபதடி தள்ளி மூட்டத்துக்குள் வெள்ளைக் காலுறை தெரிந்தது. நம் ஆள் யாரோ முன்னே போய்விட்டார் என்று நினைத்து, "சார், கொஞ்சம் நில்லுங்கள்" என்று கூப்பிட்டேவிட்டேன். பிறகுதான் எண்ணினேன். காலுறை நான்கு.

பின்னாலிருந்து என் பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார் பெரியவர். மேகம் சற்று விலகியபோது காலுறைகளுக்கு மேலே கறுப்புச் சுவர்போல உடம்பு. காட்டுமாடு, ஒற்றையாக. அது மூச்சுவிடுவது கேட்டது. அப்புறம் சரிவில் இறங்கிப் போயிற்று. வெகுநேரம் கல் உருளும் சத்தம்.

என்னை அவர் ஒரு சொல் திட்டவில்லை. மேலே போனதும் பேசிய கூலியைத் தலைவர் எண்ணிக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. நாங்கள் வேனில் ஏற, அவர் வந்த வழியே தனியாக மூட்டத்துக்குள் இறங்கிப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வாலில்வந்தவள்:
காட்டுமாடெல்லாம் முன்னால் போகிறவர்களுக்குத்தான். நான் எப்போதும் கடைசி.

கொல்லிமலை, ஆகாய கங்கை. இறங்கும்போது எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினோம். ஆயிரத்துக்கு மேல் படி என்பது ஏறும்போதுதானே தெரியும்! ஒவ்வொரு திருப்பத்திலும் மற்றவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருப்பார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும், "வந்துவிட்டாயா? சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஆறு ஓய்வு, எனக்கு ஒன்றுமில்லை. கடைசித் திருப்பத்தில் ஆள் யாருமே இல்லை. படியில் ஆரஞ்சுத் தோல் மட்டும் கிடந்தது. அந்தப் பழங்களைக் கீழிருந்து சுமந்து வந்தவள் நான். பாதி வழியில் பை கனக்கிறது என்று ஒருத்தியிடம் கொடுத்திருந்தேன்.

ஓய்வுபெற்றநடையன்:
வெள்ளியங்கிரி ஐந்தாவது மலையில் என் ஷூவின் அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே எழுதிய இருவருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாமவருக்கு: காட்டுமாடு ஒன்றும் செய்யாது, தானே ஒதுங்கிப் போகும். வழிகாட்டிகள் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள். சகோதரிக்கு: தவறு குழுவுடையது அல்ல, திட்டத்துடையது. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்கு சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நம் வெயிலுக்கு அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். புது ஷூவைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். வருடக்கணக்கில் பரணில் கிடந்ததையும் போடாதீர்கள், பசை விட்டுவிடும். தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். அட்டை கடித்தால் பிய்த்து எறியாமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள். இரத்தம் சற்று நேரம் வடியத்தான் செய்யும், பயப்படத் தேவையில்லை. கிளம்பும்போதும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள். மேலும்

(விட்டுப்போனது:) மேலும், தினமும் மாடிப்படி ஏறிப் பழகினால் கடைசியாக வர வேண்டியிராது.

கோத்தகிரியான்:
நடையன் அவர்களே, காட்டுமாடு ஒதுங்கிப் போகும் என்று எந்த ஊரில் சொன்னார்கள்? இங்கே தேயிலைத் தோட்டத்தில் தினமும் பார்க்கிறோம். கூட்டமாக மேய்வது பெரும்பாலும் விலகிப் போகும், உண்மைதான். தனியாகத் திரியும் காளையை நம்ப முடியாது. முட்டிச் செத்தவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். அந்த முதுவர் உட்கார வைத்தது மிகையல்ல.

என் அனுபவம் எழுத வந்தேன், கோபத்தில் மறந்துவிட்டது.

மஞ்சம்புல்:
2018 மார்ச் 11 யாருக்கும் மறந்திருக்காது. குரங்கணிக் காட்டுத்தீயில் 23 உயிர் போயிற்று. அடுத்த வருடமே கோடைக்கால நடை என்று எங்களிடம் பணம் வாங்கினார் ஓர் அமைப்பாளர். அனுமதி இருக்கிறதா என்று நாங்களும் கேட்கவில்லை. சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். முப்பது பேரும் ஒரே கூச்சல். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்", "மேலிடத்தில் ஆள் தெரியும்" என்று ஆளுக்கொரு பேச்சு.

அங்கிருந்த காவலர் சின்னப் பையன். வாதாடவே இல்லை. வேலியோரம் நின்ற புல்லில் ஒரு கொத்தைப் பறித்து வந்து என் கையில் வைத்தார். "கசக்குங்கள், அக்கா" என்றார். கசக்கினேன். பொடியாகிவிட்டது. "தீ மேட்டில் ஏறும்போது ஆளைவிட வேகமாக ஏறும்" என்று மட்டும் சொன்னார். வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். மற்றவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் கத்தினார்கள். பணம் இன்றுவரை திரும்பவில்லை.

இப்போது நிலைமை பரவாயில்லை. 2024 அக்டோபரில் வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு வைத்துவிட்டது. அந்தந்த ஊர்ப் பழங்குடியினரே வழிகாட்டிகளாக வருகிறார்கள். மேகமூட்டம், நீங்கள் குரங்கணிக்கு மறுபடி போய் விசாரித்துப் பார்க்கலாமே.

மேகமூட்டம்:
போனேன். எந்தப் பெரியவர் என்று கேட்டார்கள். அடையாளம் சொல்லத் தெரியவில்லை. அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

வாலில்வந்தவள்:
நடையன் ஐயா, மாடிப்படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன், மூன்றாவது மாடியில் குடியிருப்பதால். உங்கள் கணக்கில் நான் உட்காருவதற்கு எத்தனை நிமிடம் என்று சொல்லவில்லையே.

அடுத்த மாதம் பர்வதமலைக்குக் கூப்பிடுகிறார்கள், அதே குழு. கடப்பாறை நெட்டு என்கிற செங்குத்துப் பாறையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியுமாம். என்னை முன்னால் விட்டால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.