இழை: ‘குயர்’ வினைச்சொல்லானால் தமிழில் என்ன?

பதிப்புமேசை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். முதுகலை மாணவர்களுக்கான இலக்கியக் கோட்பாட்டுத் தொகுப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பின்காலனியக் கோட்பாடும் (காலனியாட்சி விட்டுச்சென்ற சிந்தனையைக் கேள்வி கேட்பது) குயர் கோட்பாடும் (பால், பாலின ‘இயல்பை’க் கேள்வி கேட்பது) சந்திக்கும் இயலில் சிக்கிக்கொண்டேன். ஆட்களைக் குறிக்கப் ‘பால்புதுமையினர்’ இருக்கிறது. 2022இல் தமிழக அரசும் இத்தகைய சொற்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் ‘குயர்’ (queer) வினையாகவும் வருகிறது. ஒரு நாவல் ஆண்-பெண் இணையை இயல்பென்று வைத்துக்கொண்டு நடக்கிறது. அந்த இயல்பு எந்த வரியில் பிசகுகிறது என்று தேடிப் படிப்பதுதான் அந்த வினை. ‘பால்புதுமைப்படுத்தல்’ என்று போட்டால் பால்பண்ணை அறிக்கைபோல் ஒலிக்கிறது. உதவுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா, கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? ‘திரிபு வாசிப்பு’ என்று போடுங்கள். பேடியைக் குறிக்கும் சொல்லை ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’ என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டார். நம் இலக்கணத்தில் சொல்லும் சொல்லும் சேரும் புணர்ச்சி இயல்பு, விகாரம் (மாற்றம்) என இருவகைப்படும். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் விகாரம். மூன்றுக்கும் விதி உண்டு, எதுவும் வழு அன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில், காமன் பேடி உருக்கொண்டு ஆடிய ‘பேடு’ இருப்பதையும் நினைவில் கொள்க. (அதற்கு உரையாசிரியர் அடியார்க்குநல்லார் சொல்லும் விளக்கம் சுவையானது, தனி மடலில் எழுதுகிறேன்.)

பழைய இடதுசாரி எழுதியது:

தோழரே, தனி மடல் வேண்டாம், தாங்காது. மார்க்சியத்தைத் திரிப்பவர் என்ற பொருளில் ‘திரிபுவாதி’ என்று ஒருவரை ஒருவர் திட்டியே எங்கள் இயக்க ஏடுகளில் பாதிப் பக்கம் தீர்ந்திருக்கிறது. அந்தச் சொல்லை மாணவர் கையில் கொடுத்தால் மார்க்சியத் தாளில் எழுத வேண்டியதை இங்கே எழுதிவைப்பார்கள்.

வகுப்பறை எழுதியது:

எனக்கு அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. இந்த இயல் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். மெக்காலே 1837இல் வரைவு எழுதி, 1860இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உறவு குற்றம் என்றது அது. அதே எண் சிங்கப்பூர் வரை போனது. இந்தியாவில் வயதுவந்தோர் இசைந்த உறவை 2018 செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அதன் பிடியிலிருந்து விடுவித்தது. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022இல்தான் நீக்க முடிவெடுத்தது. எது இயல்பு, எது மாறு என்று காலனியச் சட்டம் கிழித்த கோட்டைத்தான் இரண்டு கோட்பாடுகளும் கேள்வி கேட்கின்றன. அதைப் பேசும் வாசிப்புக்கே ‘திரிபு’ என்று பெயர் வைத்தால் மெக்காலேயின் தீர்ப்பை நாமே தமிழில் எழுதிக் கொடுத்ததாகாதா? ஏட்டுச்சுவடி ஐயாவின் காதில் விகாரம் இலக்கணமாக ஒலிக்கலாம். மாணவிக்கு அது முகத்தைப் பற்றிய வசை.

இன்னொன்று. பின்காலனியக் கோட்பாட்டாளர் ஹோமி பாபா சொல்லும் காலனியப் போலச்செய்தலையும் குயர் கோட்பாட்டாளர் ஜூடித் பட்லர் 1990இல் சொன்ன பாலின நிகழ்த்துதலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். துரையைப்போல் உடுத்தும் குமாஸ்தா ஏறக்குறைய துரை, முழுத்துரை அல்ல. அந்த இடைவெளியில் துரைத்தனமே நடிப்பென்று தெரிந்துவிடுகிறது. பட்லரிடம் ஆண்மையும் பெண்மையும் அப்படித்தான், மூலமே இல்லாத நகல். மூலம் ஒன்றிருந்து அது திரிந்தது என்று சொல்லும் சொல் இரண்டுக்குமே பொருந்தாது.

வேர்ச்சொல் எழுதியது:

ஆங்கிலச் சொல்லின் வேர் ‘குறுக்கே’ எனப் பொருள்படும் ஜெர்மன் சொல் என்பார் உண்டு. அதற்கும் முன்னே போக வேண்டும். குயம் என்றால் வளைந்த அரிவாள். குய் – குயம் – குயர். வளைவே கருத்து. ஆகவே இது நம் சொல்தான், திரும்பி வந்திருக்கிறது. தூய தமிழென்றே எழுதலாம்.

பழைய இடதுசாரி எழுதியது:

அரிவாள் எங்களுடையது. விட்டுவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வேடிக்கை போகட்டும். காலனியத்தைச் சாடும் கட்டுரைக்கு ஆங்கிலச் சொல்லையே கடன் வாங்குவதா? வகுப்பறை அம்மா எழுதிய தடையை ஏற்கிறேன், திரிபு வேண்டாம். ‘உறழ் வாசிப்பு’ எனலாம். ஒரே இடத்தில் இயல்பாகவும் விகாரமாகவும் வரலாம் என்பதே உறழ்ச்சி. எது மூலம் என்ற கேள்வியே அங்கு எழாது.

வகுப்பறை எழுதியது:

ஐயா, அழகான சொல். இந்த இழையில் வந்தவற்றிலேயே இதுதான் கோட்பாட்டைப் புரிந்துகொண்ட சொல். ஆனால் தேர்வுத்தாளில் ‘உளறல் வாசிப்பு’ என்று வரும், திருத்தப்போவது நான். ‘குயர்’ ஒருகாலத்தில் வசை. வசைபட்டவர்களே அதை எடுத்து அணிந்துகொண்டார்கள். அந்தத் தழும்பு நாம் புதிதாகச் செய்யும் எந்தச் சொல்லிலும் இராது. கோட்பாட்டுக்கு அந்தப் பெயரை 1990இல் சூட்டிய தெரேசா டி லாரெட்டிஸே சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் மட்டும் ஏன் கல்வெட்டில் பொறிக்கப் பார்க்கிறோம்?

பதிப்புமேசை எழுதியது:

பெரும்பான்மை ‘குயர் வாசிப்பு’ பக்கம் சாய்வதாக எடுத்துக்கொள்கிறேன். ‘உறழ் வாசிப்பு’ அடிக்குறிப்பில் வரும். ‘பின்காலனியமா, பின்னைக்காலனியமா’ என்று தனி மடலில் கேட்டவருக்கு: தயவுசெய்து அடுத்த பதிப்பில். கடைசி ஐயம் ஒன்று: ‘குயர் கோட்பாடு’ என்பதில் ஒற்று மிகுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

‘யரழ முன்னர்க் கசதப அல்வழி இயல்பும் மிகலும் ஆகும்’ – நன்னூல். அதாவது வேற்றுமை அல்லாத தொடரில் ஒற்று மிகாமலும் வரும், மிக்கும் வரும். வேற்றுமையாயின் ‘மிகலும் இனத்தோடு உறழ்தலும்’, அதாவது ஒற்று மிகும், அல்லது இன மெல்லெழுத்தோடு மாறி வரும். உறழ்தல் என்று நன்னூலாரே எழுதியிருப்பதைக் கவனிக்கவும். அடிக்குறிப்பு எனக்குப் போதாது.

வேர்ச்சொல் எழுதியது:

இது வேற்றுமைதான். குயரைப் பற்றிய கோட்பாடு, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘குயர்க் கோட்பாடு’ என்றே போடுங்கள்.