புதுப்பிப்பு: கொல்லிமலையில் உரசிய சைடு பாக்ஸ் சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் என் பைக் சாய்ந்து, சாமான் வைக்க இரண்டு பக்கமும் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் (சைடு பாக்ஸ்) வலது பாக்ஸின் மூலை உரசி, விரல் நீளத்துக்கு விரிசலும் விட்டது, அதை எப்படிச் சரிசெய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

முதலில் பாக்ஸின் உள்பக்கம் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கச் சொன்னவருக்குத்தான் பெரிய நன்றி. ஏபிஎஸ் என்று இருந்தது, அது அசிட்டோனில் கரையும் ஒரு வகை பிளாஸ்டிக். அதனால் அசிட்டோன் வழி வேலை செய்தது. பிபி (பாலிபுரொப்பிலீன் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக்) என்று இருந்திருந்தால் அசிட்டோனில் கரையவே கரையாது, சாதாரண பெயின்ட்டும் உரிந்து வந்துவிடும். உள்பக்க விளிம்பிலிருந்து கொஞ்சம் பிளாஸ்டிக்கைச் சுரண்டி, கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்தேன், தேன் பதத்துக்கு வந்ததும் விரிசலில் அடைத்து இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு கூடாது.

அப்புறம் 180, 400 எண் உப்புத்தாளால் தேய்ப்பு, பிளாஸ்டிக் பிரைமர், மேட் கறுப்பு ஸ்ப்ரே இரண்டு கோட்.

எதிர்பாராதது ஒன்று: நிறம் பொருந்தியது, ஆனால் பாக்ஸின் சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் இல்லாததால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்தது. எனவே இரண்டு பாக்ஸிலும் ஒரே இடத்தில் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டினேன். முதல் தடவை ஓரம் தூக்கிக்கொண்டது. மூலைகளை வட்டமாக வெட்டி, ஹேர் டிரையரால் சூடாக்கி அழுத்தினேன், இரண்டு மழைக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. ராத்திரியில் பின்னால் வருபவர்களுக்கும் வண்டி நன்றாகத் தெரிகிறது.