ஆர்கன்சாவ விட்டு நகராத ஆர்க்கிடெக்ட் ஃபே ஜோன்ஸ், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

ஓசார்க்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காக ஆர்கன்சா மாநிலத்துல பென்டன்வில் பக்கம் இருக்கேன். அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்போ யுரேகா ஸ்பிரிங்ஸ் கூட்டிட்டுப் போனேன், அங்க காட்டுக்குள்ள தார்ன்கிரவுன் சேப்பல்னு ஒரு சின்ன சர்ச், சுவரே இல்ல, முழுக்க கண்ணாடியும் மரச்சட்டமும்தான். அப்பா ரொம்ப வருஷம் தச்சு வேலை பாத்தவரு. உள்ள போனதும் மத்தவங்க எல்லாம் பெஞ்சுல உக்காந்து கண்ண மூடிட்டாங்க, இவரு மட்டும் கூரையவே அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறாரு. வெளிய வந்ததும் "ஏன்டா, பெரிய உத்தரம்னு ஒண்ணு கூட கண்ணுல படல, எல்லாம் ரீப்பர் கட்டை மாதிரி மெல்லிசா இருக்கு, இவ்ளோ உயரம் எப்படிடா நிக்குது?"ன்னு கேட்டாரு. எனக்கு சொல்லத் தெரியல.

அங்க இருந்த பலகையில ஃபே ஜோன்ஸ்னு பேர் பாத்தேன். ஆபீஸ்ல கேட்டா இங்க ஆர்கன்சா யூனிவர்சிட்டி ஆர்க்கிடெக்சர் ஸ்கூலுக்கே அவர் பேருதான்னு சொல்றாங்க, ஆனா இந்த மாநிலத்துக்கு வெளிய யார்கிட்ட கேட்டாலும் தெரியல. யாரு இவரு, இவ்ளோ திறமை இருந்தும் நியூயார்க் சிகாகோன்னு போகாம ஏன் இங்கயே இருந்துட்டாரு? அப்புறம் அப்பாவோட கேள்விக்கும் யாராவது பதில் சொன்னா நல்லாருக்கும், வாட்ஸ்அப்ல தினமும் கேக்குறாரு.

வரைபலகை:

வாங்க நண்பரே, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

பொறந்தது 1921, ஆர்கன்சாவுல பைன் பிளஃப். வளந்தது அதே மாநிலத்துல எல் டொரேடோங்கிற எண்ணெய்க் கிணறு ஊரு, அப்பா அம்மா ரெஸ்டாரன்ட் நடத்தினாங்க. பையன் சின்ன வயசுலயே மரத்து மேல வீடு கட்டுறதுல கெட்டிக்காரன், அதுல ஒரு மர வீட்டுக்குள்ள நெருப்பு மூட்டுற கணப்பு அடுப்பே வச்சிருந்தானாம். 1938ல தியேட்டர்ல ஒரு குறும்படம் போடுறாங்க, அமெரிக்காவோட பெரிய ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாய்ட் ரைட், ஜான்சன் வாக்ஸ் கம்பெனிக்குக் கட்டின கட்டடத்தப் பத்தினது. அதப் பாத்துட்டு வந்ததுதான், வீடு கட்டுறதையே வேலையா வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாரு. ஆனா அப்போ ஆர்கன்சா யூனிவர்சிட்டியில ஆர்க்கிடெக்சர் படிப்பே கிடையாது, அதனால இன்ஜினியரிங்ல சேந்தாரு, நடுவுல ரெண்டாம் உலகப்போர் வந்து கடற்படை விமானியா பசிபிக் பக்கம் போயிட்டு, 1946ல திரும்பி வந்தா அந்த வருஷம்தான் ஆர்க்கிடெக்சர் வகுப்பு ஆரம்பிக்கிறாங்க. முதல் பேட்ச்சுலயே சேந்துட்டாரு.

1949ல ஹூஸ்டன்ல ஆர்க்கிடெக்ட்ஸ் மாநாடு, அங்கதான் ரைட்டுக்கு ஏஐஏ (அமெரிக்க ஆர்க்கிடெக்ட்ஸ் சங்கம்) தங்கப் பதக்கம் குடுத்தாங்க. ஜோன்ஸும் கூடப்படிச்ச பசங்களும் கார்ல கிளம்பி ஷாம்ராக் ஹோட்டலுக்குப் போயிட்டாங்க. விருந்து நடக்கிற ஹாலுக்குள்ள இவங்கள விடுவாங்களா, வெளிய நின்னுட்டு இருக்காங்க. ரைட்டுக்கு அந்தக் கூட்டம் அலுத்துப்போய் கதவத் திறந்துட்டு வெளிய வர்றாரு, முன்னாடி நிக்கிற ஜோன்ஸ் கையைப் பிடிச்சு தன்னை அறிமுகம் பண்ணிக்கிட்டு, அந்த ஹோட்டல் கட்டடத்துல என்னென்ன தப்புன்னு ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போனாராம். இருபத்தெட்டு வயசுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அப்புறம் ரைஸ் யூனிவர்சிட்டியில முதுகலை, ஓக்லஹாமாவுல ரெண்டு வருஷம் வாத்தியார் வேலை, அங்க துறைத் தலைவர் புரூஸ் காஃப், யார் மாதிரியும் இல்லாம தனி பாணியில கட்டினவரு. 1953 ஈஸ்டருக்கு ரைட் அரிசோனாவுல இருந்த தன்னோட வீடும் ஆபீஸுமான டாலியசின் வெஸ்ட்டுக்குக் கூப்பிட்டாரு, அந்தக் கோடை அவர்கிட்டயே போய் வேலை பழகினாரு. அதே வருஷம் ஃபயட்வில்ல, தான் படிச்ச காலேஜ்லயே வாத்தியாரா வந்து சேந்தாரு. 1988 வரைக்கும் பாடம் எடுத்தாரு, நடுவுல அந்த ஸ்கூலோட முதல் டீனும் அவர்தான்.

ஏன் வெளிய போகலன்னு கேட்டீங்கல்ல. எனக்குத் தோணுறது, வாத்தியார் சம்பளம் வந்துட்டு இருந்ததால ஆபீஸப் பெருசாக்கணும்னு அவருக்குக் கட்டாயமே இல்ல. கைவிட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆளுங்க. ஒவ்வொரு வேலையும் அவரே கோடு போட்டு, கதவுக் கைப்பிடி, விளக்கு, நாற்காலி வரைக்கும் அவரே வரைஞ்சாரு. நூத்துக்கும் மேல வீடு கட்டியிருக்காரு, பெரும்பாலும் இந்த ஓசார்க் மலைப் பக்கம்தான். இங்க கிடைக்கிற கல்லு, மரம், இங்க இருக்கிற கொத்தனாரு, தச்சரு கை, இதெல்லாம் அவருக்குப் பழகின சரக்கு. சிகாகோ போயி உயரமான பில்டிங் கட்டியிருந்தா நல்லா பண்ணியிருப்பாரான்னு எனக்கு சந்தேகம்தான், ஆனா இங்க பண்ணினத வேற யாரும் பண்ணியிருக்க முடியாது.

தூண்_மணி:

அப்பாவோட கேள்வி அருமையான கேள்வி சார். நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

கட்டடம் 24 அடி அகலம், 60 அடி நீளம், 48 அடி உயரம். அகலத்துக்கு ரெண்டு மடங்கு உயரம், அதான் உள்ள நின்னா மேல இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கும். ஜோன்ஸ் ஒரு கட்டுப்பாடு வச்சாரு: ரெண்டு ஆளு தூக்கிட்டு காட்டுக்குள்ள நடக்க முடியாத எந்தக் கட்டையும் வேண்டாம். லாரியும் கிரேனும் உள்ள வரணும்னா வழியில நிக்கிற மரத்தை எல்லாம் வெட்டணும், அது அவருக்கு ஒத்துவரல. அதனால கடையில விக்கிற சாதாரண பைன் கட்டை, டூ பை ஃபோர், டூ பை சிக்ஸ், டூ பை ட்வெல்வ்னு இன்ச் அளவுல விக்கிறது, இவ்வளவுதான். அதை வச்சு ட்ரஸ்ஸ, அதாவது கூரையத் தாங்குற கட்டைச் சட்டத்தை, தரையிலயே கோத்து, அப்புறம் நிமித்தி நிறுத்தினாங்க.

இப்போ எப்படி நிக்குதுன்னா, சாய்வான கூரையோட எடை ரெண்டு பக்கச் சுவரையும் வெளிய தள்ளும். ஐரோப்பாவுல இடைக்காலத்துல உயரமா கட்டின கோதிக் பாணி சர்ச்சுல சுவருக்கு வெளிய கல்லுல முட்டுக் குடுத்து அந்தத் தள்ளுதல நிறுத்துவாங்க. ஜோன்ஸ் அதைத் தலைகீழா பண்ணிட்டாரு. முட்டு வெளிய இல்ல, உள்ள. நீங்க மேல பாத்தீங்கல்ல, குறுக்கும் நெடுக்குமா எக்ஸ் மாதிரி போற கட்டைங்க, அதுங்கதான் ரெண்டு பக்கத்தையும் உள்ள இழுத்துப் பிடிச்சிருக்கு. இழுவிசைக்கு மெல்லிசு கட்டை போதும், அதான் அப்பா கண்ணுக்கு உத்தரமே தெரியல. ஒரே பெரிய உத்தரம் சுமக்க வேண்டியத நூத்துக்கணக்கான சின்னக் கட்டைங்க பங்கு போட்டுச் சுமக்குது.

அப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. அந்த எக்ஸ் நடுவுல கட்டைங்க ஒண்ணோட ஒண்ணு முட்டாது. நாலு கட்டையும் வந்து சேர்ற இடத்துல வைர வடிவத்துல ஒரு இரும்புச் சட்டம், நடுவுல வெறும் ஓட்டை. சாதாரணமா தச்சு வேலையில மூட்டு இருக்கிற இடம்தான் கனமா, இருட்டா இருக்கும். இங்க மூட்டு வழியாவே வெளிச்சம் வருது. அடுத்த தடவை போனா ஃபோன் கேமராவ ஜூம் பண்ணிப் பாருங்க.

கோடுபோட்டவன்:

எல்லாரும் புகழ்றீங்க, ஒரு எதிர்க்குரல் இருக்கட்டும். தார்ன்கிரவுன் நல்ல கட்டடம், மறுக்கல. ஆனா அவரோட வீடுகளப் பாருங்க, தாழ்வான கூரை, நடுவுல கல் அடுப்பு, நீண்டு தொங்குற இறவாணம், எல்லாம் ரைட் பாணி அப்படியே. காஃப் கூட வேலை பாத்தும் அவர மாதிரி துணிஞ்சு தனி வழி போகலையே. ரைட்டோட நல்ல சீடர்னு சொல்லலாம், பெரிய ஆர்க்கிடெக்ட்னு சொல்ல எனக்கு மனசு வரல.

வரைபலகை:

கோடுபோட்டவன் ப்ரோ, வீடுகளப் பத்தி நீங்க சொல்றதுல பாதி சரி, ரைட்கிட்ட கத்துக்கிட்டேன்னு அவரே கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தவருதான். ஆனா 1956ல ஃபயட்வில்ல தனக்குன்னு கட்டின வீட்டைப் பாத்துட்டு சொல்லுங்க. மலைச்சரிவுல ஒரு பெரிய பாறை இருக்கு, அதை உடைக்காம வீட்டுக்குள்ளயே விட்டுட்டாரு. கீழ்த்தளம் குகை மாதிரி கல்லும் இருட்டும், மேல ஏறினா மரத்து மேல உக்காந்திருக்கிற மாதிரி வெளிச்சம்.

அப்புறம் தார்ன்கிரவுன்ல ரைட் எங்க இருக்காரு? ரைட் கட்டடம் தரையோட படுத்துக்கும், இது நேரா மேல போகுது. இதுக்கு மூலம் பாரிஸ்ல இருக்கிற செயின்ட் ஷாப்பெல்தான், 13ஆம் நூற்றாண்டு, அங்கயும் சுவரே தெரியாது, முழுக்க கண்ணாடி. கல்லுல பண்ணினத ஆர்கன்சா பைன் கட்டையில பண்ண முடியுமான்னு யோசிச்சிருக்காரு. ஓசார்க் கோதிக்னு பேரு அதனாலதான் வந்துச்சு. கோதிக் கட்டடம் நின்ன முறையையே புரட்டிப் போட்டவர சீடர்னு எப்படி நிறுத்துறது? இதைக் கட்டும்போது ஜோன்ஸுக்கு வயசு அறுபதை நெருங்கிடுச்சு. அத்தனை வருஷம் சின்னச் சின்ன வீடு கட்டி மரத்தோட பழகினதெல்லாம் சேந்துதான் இது வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

1981ல இந்த சேப்பலுக்கு ஏஐஏ விருது, 1990ல ஜோன்ஸுக்கு ஏஐஏ தங்கப் பதக்கம், 2000ல சேப்பல நேஷனல் ரெஜிஸ்டர்ல, அதாவது அமெரிக்க அரசோட வரலாற்றுச் சின்னங்கள் பட்டியல்ல சேத்தாங்க. ஐம்பது வருஷம் ஆகாத கட்டடத்தை அதுல சேக்கிறது அபூர்வம், இதுக்கு அப்போ இருபது வருஷம்தான்.

டல்லாஸ்_மீனா:

நான் குடும்பத்தோட போயிருக்கேன், அந்த இடம் எப்படி வந்துச்சுங்கிற கதையும் சேத்துக்கோங்க. ஜிம் ரீட்னு ஒரு ரிட்டயர்ட் ஸ்கூல் வாத்தியாரு, வயசான காலத்துல வீடு கட்டிக்கலாம்னு அந்த நிலத்தை வாங்கினாரு. அங்க இருந்து பாத்தா மலை அவ்ளோ அழகா தெரியுமாம், அதனால வர்ற போறவங்க எல்லாம் அவர் இடத்துக்குள்ள வண்டிய நிறுத்திட்டுப் பாக்க ஆரம்பிச்சாங்க. வேற யாராவது இருந்தா வேலி போட்டிருப்பாங்க. இவரு வர்றவங்க உக்காந்து மனசார நாலு நிமிஷம் இருக்க ஒரு சேப்பல் கட்டலாம்னு நினைச்சாரு. பாதியில காசு தீந்து போச்சு, கடன் கேட்டு எங்கயும் கிடைக்கல, அப்புறம் இல்லினாய்ஸ்ல இருந்து ஒரு அம்மா கடன் குடுத்துதான் வேலை முடிஞ்சது. 1980 ஜூலையில திறந்தாங்க.

2013ல பக்கத்துல உயர் அழுத்த மின்கம்பி கொண்டு போறதுக்கு ஒரு திட்டம் வந்துச்சு, கண்ணாடிக்கு வெளிய காட்டுக்குப் பதிலா கோபுரமும் கம்பியும் தெரியும்னு ஊரே எதிர்த்து நின்னுச்சு, 2014 கடைசியில திட்டத்தைக் கைவிட்டாங்க. அந்தக் கட்டடத்துக்கு காடுதானே சுவர், காடு போனா கட்டடமும் போன மாதிரிதான்.

போறவங்க காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்க, நிழல் மொத்தமா வேற. இலையுதிர் காலம்னா கேக்கவே வேண்டாம். குளிர்காலத்துல திறக்கிற நாளும் நேரமும் மாறும், விசாரிச்சுட்டு கிளம்புங்க.

ஓசார்க்_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தூண்_மணி சார் எழுதினத அப்பாவுக்கு அப்படியே அனுப்பிட்டேன், பேப்பர்ல அந்த எக்ஸ வரைஞ்சு போட்டோ அனுப்பியிருக்காரு. வீட்டுப் பக்கத்துலயே வேற என்ன பாக்கலாம்?

வரைபலகை:

பெல்லா விஸ்டா உங்களுக்குப் பக்கம்தானே, அங்க மில்ட்ரெட் கூப்பர் சேப்பல், 1988. இதுல இரும்ப வளைச்சு கூரான வளைவா பண்ணியிருப்பாரு, தார்ன்கிரவுன் கட்டைங்க மாதிரி நேர்கோடா இல்லாம கொடி மாதிரி வளைஞ்சு போகும். எனக்கு தார்ன்கிரவுன்தான் பிடிக்கும், இதுல அழகு இருக்கு, ஆனா அந்த இறுக்கம் இல்ல. ரெண்டையும் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.

பென்டன்வில்லயே வால்மார்ட்ட ஆரம்பிச்ச சாம் வால்டனுக்கு ஜோன்ஸ் வீடு கட்டிக் குடுத்திருக்காரு, ஓடை மேலேயே. 1972ல இடி விழுந்து எரிஞ்சு போச்சு, திரும்பவும் அவரே கட்டினாரு. அது குடும்பத்தோட சொந்த வீடு, போய்ப் பாக்க முடியாது. அதுக்குப் பதிலா கிரிஸ்டல் பிரிட்ஜஸ் மியூசியம் போங்க, நியூ ஜெர்சியில இருந்து ரைட் கட்டின பாக்மன் வில்சன் வீட்டைக் கழட்டிக் கொண்டுவந்து அங்க திரும்ப நிறுத்தியிருக்காங்க. கோடுபோட்டவன் சொன்ன வாதத்தை நேர்லயே சோதிச்சுப் பாக்கலாம், காலைல ரைட், மத்தியானம் கூப்பர் சேப்பல், ஒரே நாள்ல முடிஞ்சிடும். தூரமா போற யோசனை இருந்தா மிசிசிப்பியில பிகயூன் ஊர்ல ஜோன்ஸ் கட்டின பைன்கோட் பெவிலியன்னு ஒரு திறந்த மர மண்டபம், கூரை ஓரத்துல பலகை குறைஞ்சு குறைஞ்சு கடைசியில வெறும் சட்டம் மட்டும் வெளிய நீட்டிட்டு நிக்கும். அப்பா அடுத்த தடவை வரும்போது அங்க கூட்டிட்டுப் போங்க.